சந்தியாகப்பர் வழியும் திருப்பயணிகளின் ஆயத்தமும்

நெடுவழிப் பயணம் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருபவை ஊர்தியின் நிலை, செல்லும் சாலை, தங்குமிடம், கைச்செலவுக்கான பணம் ஆகியவை. இவை யாவும் வேண்டியனவே. ஆனால் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் நெடும்பயணம் மேற்கொள்ள எண்ணினால், அவர் முதலில் எண்ணிப் பார்த்தது வழியை அன்று, தம் வீட்டை. புறப்படுகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லாத காலம் அது. ஆகவே பயண ஆயத்தம் என்பது ஒருவகையில் மரண ஆயத்தமாகவும் அமைந்தது. இதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு, சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகருக்குச் சென்ற திருப்பயணிகளின் வரலாறாகும்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கோடியில், கலிசியா பகுதியில் உள்ளது அந்நகர். திருத்தூதர் புனித யாக்கோபின் கல்லறை அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டதாக நம்பப்பட்டது. நம் முன்னோர் இப்புனிதரைச் 'சந்தியாகப்பர்' என்று அழைத்து வந்துள்ளனர். ஐபீரிய நாட்டு மறைப்பணியாளரோடு கடல் கடந்து வந்த 'சந்தியாகு' என்னும் பெயரே தமிழில் இவ்வாறு வழங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், உரோமையையும் எருசலேமையும் போலவே கொம்போஸ்தெலாவும் கிறிஸ்தவ உலகின் பெருந் திருத்தலமாக விளங்கியது.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பட்ட நூல் ஒன்று அந்நகரின் பேராலயத்தில் இன்றும் உள்ளது. திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துவின் பெயரைத் தாங்கியிருப்பதால் அது 'கலிஸ்து சுவடி' எனப்படுகிறது. உண்மையில் அதனை அவர் இயற்றவில்லை என்பது ஆய்வாளர் முடிவு. 2011ஆம் ஆண்டில் திருடப்பட்ட அச்சுவடி, மறு ஆண்டு மீட்கப்பட்டது. ஐந்து நூல்களாக அமைந்த அதன் முதல் நூலில் உள்ள நெடிய மறையுரை ஒன்றும், ஐந்தாம் நூலாகிய வழிகாட்டியும் அக்காலப் பயண ஆயத்தத்தை நமக்கு விளக்குகின்றன.

வீட்டில் தொடங்கிய ஆயத்தம்

மறையுரை கூறும் ஆயத்தங்களின் வரிசை நம் கவனத்திற்குரியது. திருப்பயணி தமக்குத் தீங்கு செய்தவர்களை முதலில் மன்னிக்க வேண்டும். தம்மீது பிறருக்குள்ள மனக்குறைகளைத் தீர்க்க வேண்டும். முறையின்றித் தம்மிடம் தங்கிவிட்ட பிறர் பொருளை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். பங்குக் குருவிடமும், மனைவியிடமும், தாம் கடமைப்பட்டுள்ள ஏனையோரிடமும் விடைபெற வேண்டும். வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்த வேண்டும். இவற்றின் பின்னரே பாவசங்கீர்த்தனம் செய்து, ஆசி பெற்றுப் புறப்படலாம்.

வசதியுடையோர் உயில் எழுதி வைத்தனர். பயணம் முடியும்வரை அவர்தம் உடைமைகள் திருச்சபையின் பாதுகாப்பில் இருந்தன. இவ்வொழுங்கினால் ஏற்பட்ட விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் நடையைத் தொடங்குமுன்னரே ஊரில் சில கடன்கள் அடைபட்டன. சில பகைகள் தணிந்தன. அவர் வழியில் இறந்து போனாலும்கூட, அவர் பயணத்தின் பயனில் ஒரு பகுதி ஊரார்க்கு முன்னமே கிடைத்துவிட்டது.

பையும் கோலும்

புறப்படும் நாளில் திருப்பலியின்போது குருவானவர் ஒரு தோல் பையையும் ஒரு கோலையும் மந்திரித்துத் திருப்பயணியிடம் கொடுப்பார். இவற்றிற்கு மறையுரை தரும் விளக்கம் சுவையானது. பை சிறியதாக, குறுகியதாக இருக்க வேண்டும். ஏனெனில் திருப்பயணி சிறிதளவே எடுத்துக்கொண்டு, எஞ்சியதற்கு ஆண்டவரை நம்புகிறார். அது இறந்த விலங்கின் தோலால் ஆனது. ஏனெனில் அவர் தம் உடலின் தீய நாட்டங்களை ஒறுக்க வேண்டும். அதன் வாய் எப்பொழுதும் கட்டப்படாமல் திறந்திருக்க வேண்டும். கொடுப்பதற்கும் பெறுவதற்கும் அவர் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். கோலோ மூன்றாவது கால். அது மூவொரு இறைவன்மீது கொண்ட நம்பிக்கையைக் குறிக்கும். நாயையும் ஓநாயையும் விரட்டுவதுபோல அலகையையும் விரட்டும்.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழலாம். பன்னிருவரை அனுப்பியபோது உணவும் பையும் காசும் வேண்டாம் என்றாரே நம் ஆண்டவர். திருச்சபையோ பையை மந்திரித்துக் கொடுத்ததே, இது முறையா? ஆனால் அதே ஆண்டவர், தம் பாடுகளுக்கு முந்திய இரவில், பணப்பை உடையவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கூறியதையும் லூக்கா பதிவு செய்துள்ளார். திறந்த வாயுடைய அச்சிறு பை இவ்விரு சொற்களையும் ஒருங்கே காக்க முயன்றது எனலாம். தேவைக்குரியது உண்டு, பதுக்குவதற்கு இடமில்லை.

வழியை அறிதல்

நல்ல மனத்தோடு புறப்பட்டால் போதும் என்று வழிகாட்டி நூலை எழுதியவர் கருதவில்லை. அவர் பெயர் எமெரிக் பிக்கோ என்றும், பிரான்சின் புவாத்து பகுதியினர் என்றும் பலர் கருதுவர். துலூஸ், லே புய், வெசலே, தூர் ஆகிய ஊர்களின் வழியே பிரான்சைக் கடந்து வரும் நான்கு பாதைகள் ஸ்பெயினில் புவெந்தே லா ரெய்னா என்னுமிடத்தில் ஒன்றாகின்றன என்று அவர் தொடங்குகிறார். பிரேனே மலைக் கணவாயிலிருந்து கொம்போஸ்தெலா வரையுள்ள வழியை 13 கட்டங்களாகப் பிரிக்கிறார். அத்தொலைவு ஏறத்தாழ 780 கிலோமீட்டர். எனவே ஒரு கட்டத்திற்குச் சராசரி 60 கிலோமீட்டர் ஆகிறது. சில கட்டங்களைக் குதிரையில் கடக்கவேண்டும் என்று அவரே குறிக்கிறார். கால்நடையாகச் செல்வோர்க்கு இன்றும் இத்தொலைவு ஒரு மாதத்திற்கும் மேற்பட்ட நடையாகும்.

எந்த ஆற்று நீர் குடிக்கத் தக்கது, எது நஞ்சு என்பதற்கே அவர் ஓர் அதிகாரம் ஒதுக்கியுள்ளார். லோர்க்கா அருகிலுள்ள உவர் ஆற்றின் கரையில் இருவர் கத்தி தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனராம். "இந்நீர் குதிரைகளுக்கு ஆகுமா?" என்று கேட்க, "ஆகும்" என்றனராம். குடித்த குதிரைகளில் இரண்டு உடனே மடிய, அவர்கள் அங்கேயே தோலை உரித்துக்கொண்டனராம். பிரான்சின் தென்மேற்கிலுள்ள லாந்து மணற்பரப்பைக் கடக்க மூன்று நாள் ஆகும்; அங்கே அப்பமும் இல்லை, திராட்சை இரசமும் இல்லை; கோடையில் பெரும் ஈக்களிடமிருந்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். சோர்து அருகே ஓடக்காரர்கள் ஒற்றை மரத்தில் குடைந்த படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, அது கவிழ்ந்தபின் மூழ்கியவர்களின் பொருளை எடுத்துக்கொள்வதைச் சினத்தோடு எழுதுகிறார். அத்தகையோரைச் சபை விலக்குச் செய்ய வேண்டும் என்கிறார்.

அவருடைய குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆற்றங்கரையில் இருவர் செய்த வஞ்சகம் அவர் உள்ளத்தில் ஓர் இனத்தின்மீதே வெறுப்பாக முற்றிவிட்டது. நவாரா மக்களைப் பற்றி அவர் எழுதியுள்ள இழிசொற்கள் படிக்கத் தகாதவை. ஊர் ஊராய்ச் சுற்றினாலும் மனத்தின் சுவர்கள் இடிவதில்லை என்பதற்கு இத்திருப்பயணியே சான்றாகிறார்.

வழியும் ஆயத்தமானது

பயணிகள் மட்டுமா ஆயத்தம் செய்தனர்? அவர்களுக்காக வழியும் ஆயத்தம் செய்யப்பட்டது. 1072ஆம் ஆண்டில் அரசர் ஆறாம் அல்போன்சு, வால்கார்சே பள்ளத்தாக்கில் திருப்பயணிகளை வருத்திய சுங்கத்தை நீக்கினார். 1109இல் மறைந்த புனித தோமிங்கோ, காட்டை வெட்டிச் சாலை அமைத்து, பாலமும் விடுதியும் கட்டினார். அவர் பெயராலேயே அவ்வூர் இன்றும் வழங்குகிறது. 1123இல் கூடிய முதல் இலாத்தரன் பொதுச்சங்கம், திருப்பயணிகளைக் கொள்ளையடிப்போரைத் திருச்சபையினின்று விலக்கியது. மலைக் கணவாய்களில் துறவியர் விடுதிகள் எழுந்தன.

வழிகாட்டி நூலில் ஒரு சிறிய அதிகாரம் உண்டு. இரபனால் முதல் போர்த்தோமரின் வரை சாலையைச் செப்பனிட்ட சிலருடைய பெயர்களை அது வரிசையாகக் கூறுகிறது. அரசி உர்ராக்காவால் உடைக்கப்பட்ட மின்யோ ஆற்றுப் பாலத்தை மீண்டும் கட்டிய பேதுரு என்பவரும் அவர்களுள் ஒருவர். அவர்களின் ஆன்மா இளைப்பாற அங்கே செபிக்கப்படுகிறது. கல்லும் மண்ணும் சுமந்தோரின் பெயர்கள் ஒரு திருத்தல நூலில் இடம்பெற்றது அரிய செய்தியாகும்.

இம்மரபு முற்றும் அறுந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டில், மலையூராகிய ஒ செப்ரெய்ரோவின் பங்குக் குரு எலியாஸ் வலீஞா, வழி தெரியாமல் தடுமாறும் பயணிகளுக்காக மஞ்சள் அம்புக்குறிகளை வரையத் தொடங்கினார். 1989இல் அவர் மறைந்தார். 2023ஆம் ஆண்டில் மட்டும் கொம்போஸ்தெலாவில் பயணச் சான்று பெற்றோர் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு வழிகாட்டி நிற்பவை பெரும்பாலும் அந்த அம்புகளே.

இன்று நாம் புறப்படுமுன் ஊர்தியின் சக்கரங்களைச் சோதிக்கிறோம்; எண்ணெய் அளவைப் பார்க்கிறோம். நன்று. அதனோடு அப்பழைய வரிசையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நாம் தரவேண்டிய கடன் யாரிடம் நிற்கிறது? யாரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது? யாரிடம் விடைபெறாமல் புறப்படுகிறோம்? இவற்றிற்கு விடை தேடுவதற்கு வாகனமும் வேண்டியதில்லை, வரைபடமும் வேண்டியதில்லை. பல வேளைகளில் அது அடுத்த தெருவரை நடக்கும் தொலைவுதான். அந்நடையை முதலில் நடந்துவிட்டால், பின்னர் எத்துணைத் தொலைவு சென்றாலும், திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், நம் கணக்கு நேராக இருக்கும்.