பார்க்கக் கிடைத்ததே பட்டியல்: இணைய ரசிகர் ரசனையும் தமிழ்ப் படப் பிரதிகளும்

தமக்குப் பிடித்த படங்களைப் பட்டியலிட்டு, அதைப் பிற ரசிகர்கள் முன்வைத்து வாதாடுவது இணையத்தில் இன்று அன்றாட வழக்கமாகிவிட்டது. 2011இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில், உறுப்பினர் தமக்கு மிகவும் பிடித்த நான்கு படங்களைத் தம் பெயருக்குக் கீழே நிறுத்தி வைக்கலாம். பத்திரிகை விமர்சகர்களின் ஏகபோகம் உடைந்து, ரசனை பொதுச்சொத்தாகிவிட்டது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். அதில் பாதிதான் உண்மை. இந்தப் பட்டியல்கள் ரசனையைக் காட்டுவதற்கு முன், எந்தப் படத்தின் பிரதி எவர் கைக்கு எட்டியது என்பதைக் காட்டுகின்றன. ரசிகர்களின் பேச்சு ஒரு படத்தைத் தூக்கி நிறுத்த வல்லது. பிரதி இல்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்குக் கால் ஊன்ற நிலமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடிக்கடி காட்டப்படும் சான்றிலிருந்தே தொடங்கலாம். 2003 பொங்கலுக்கு வெளியான 'அன்பே சிவம்' திரையரங்குகளில் தோற்றது. இன்று அதைத் தமிழின் சிறந்த படங்களில் சேர்க்காத ரசிகர் பட்டியல் அரிது. இணைய ரசிகர்கள் மீட்டெடுத்த படம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் தோல்விக்கும் புகழுக்கும் நடுவே தொலைக்காட்சி இருக்கிறது. படம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால்தான், அரங்குக்குப் போகாத பெருங்கூட்டம் வீட்டிலிருந்தே அதைப் பார்த்தது. பார்த்தவர்கள் பெருகிய பிறகே பேச்சும் பெருகியது.

இதைவிடக் கூர்மையான சான்று சி. ருத்ரையாவின் இரு படங்கள். 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு 'சிகப்பு ரோஜாக்கள்', 'தப்புத்தாளங்கள்' ஆகியவற்றோடு வெளிவந்து, வசூலில் பின்தங்கியது. பின்னர் ஒளிநாடாவாகவும் குறுந்தகடாகவும் இணையப் பிரதியாகவும் கைமாறி, மஞ்சு என்ற பாத்திரத்தைப் பற்றி மட்டுமே ஏராளமான பக்கங்கள் எழுதப்படும் அளவுக்கு வளர்ந்தது. அதே இயக்குநர் 1980இல் எடுத்த 'கிராமத்து அத்தியாயம்' அவ்வாறு கைமாறவில்லை. இளையராஜாவின் பாடல்கள் வழியாகவே அது நினைக்கப்படுகிறது. படத்தைப் பற்றிய கருத்து என்று எதுவும் திரளவில்லை. முதல் படத்தில் கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா இருந்தார்கள், இரண்டாவதில் புதுமுகங்கள்; ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் நட்சத்திரங்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நட்சத்திரம் இருந்தால் பிரதி எடுப்பவர் கிடைப்பார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் எந்த நட்சத்திரமும் இல்லை. அர்ச்சனாவுக்கும் படத்துக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. தூர்தர்ஷன் வழியாகவும், பின்னர் இணையப் பிரதிகள் வழியாகவும் படம் பார்வைக்கு வந்தது. அதன் நெகட்டிவ் அழிந்துவிட்டதென்று பாலு மகேந்திராவே பொதுமேடைகளில் வருந்தியிருக்கிறார். மூலம் போன பிறகும், எஞ்சிய பிரதியின் தயவில் 'வீடு' இன்றைய இளைஞரின் பட்டியலிலும் நிற்கிறது. ஆக, நட்சத்திரம் பிரதி பரவுவதற்கான வழிகளில் ஒன்று மட்டுமே.

ரசிகர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தொழில்முறை விமர்சகர்களும் இதே கயிற்றில்தான் கட்டுண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வருகிறது. 2022இல் முதலிடம் பெற்ற, ஷான்தால் அகெர்மனின் 'ஜான் தீல்மன்' 1975இல் எடுக்கப்பட்ட படம். 2012 பட்டியலில் அது முதல் முப்பதுக்குள்ளும் இல்லை. வாக்காளர் எண்ணிக்கை கூடியதும் பெண்ணியப் பார்வை வலுத்ததும் இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள்தாம். என்றாலும், நெடுங்காலம் திரைப்படக் கழகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் மட்டுமே பார்க்க முடிந்த மூன்றேகால் மணி நேரப் படம், 2009இல் அமெரிக்காவில் க்ரைட்டீரியன் நிறுவனத்தின் டிவிடியாக வந்து வீடுகளுக்குள் நுழைந்ததை விட்டுவிட்டு அந்த ஏற்றத்தை விளக்க முடியாது.

மதிப்பெண் தளங்கள் இந்தச் சார்பை விதியாகவே ஆக்கிவிட்டன. ஐஎம்டிபியின் தரவரிசை வெறும் சராசரி அல்ல. குறைந்தபட்ச வாக்குகள் இல்லாத படம் அதில் இடம்பெறாது. வாக்கு குறைந்த படத்தின் மதிப்பெண்ணைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் சூத்திரமும் உண்டு. மோசடியைத் தடுக்க இது தேவை. ஆனால் பார்த்தவர் தொகையே தகுதியாக மாறிவிடுகிறது. இதைவிட முக்கியமான தீங்கு ரசிகர் சண்டை அல்லவா என்பார்கள். முதல் நாளன்றே பத்துக்குப் பத்து போடுவதும், எதிரணி நடிகரின் படத்துக்கு ஒன்று போடுவதும் உண்மைதான். ஆனால் அந்த ஆரவாரத்தின் ஆயுள் சில வாரங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) வெளியான வாரத்தில் எழுந்த கேலி அடங்கிப்போயிற்று. பத்தாண்டு கழித்து அதைத் திரும்ப அரங்குக்குக் கொண்டுவரும் அளவுக்குப் பேச்சு மாறியது. காலம் ரசிகர் சண்டையைச் சரிசெய்யும். பிரதி இல்லாமையைக் காலம் மேலும் மோசமாக்கும்.

இப்போதுதான் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது கடைசி ஆட்சேபம். எதுவும் கிடைக்காத காலமும் உண்டு என்பதை அது மறக்கிறது. நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. அவற்றைப் பற்றி இன்று தகவல் சொல்லலாம், கருத்துச் சொல்ல இயலாது. கிடைப்பவையும் முழுமையாகக் கிடைப்பதில்லை. சினிமாஸ்கோப் படத்தைப் பழைய தொலைக்காட்சியின் சதுரத்துக்கு வெட்டினால், சட்டகத்தின் ஐந்தில் இரு பங்குக்கு மேல் போய்விடும். ஓரத்தில் நின்ற நடிகர் காணாமல் போன பிரதியைப் பார்த்துவிட்டு, இயக்குநருக்குக் காட்சியமைப்புத் தெரியவில்லை என்று தீர்ப்பெழுதுவது நடக்கிறது. (அதே பிரதியைப் பார்த்து ஒளிப்பதிவைப் புகழ்பவர்களும் உண்டு.)

ஆகவே ரசிகர்களிடம் கேட்கத் தகுந்தது நடுநிலை அல்ல. அது அவர்களிடம் இருக்கவும் வேண்டியதில்லை. ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதும்போது, எந்தப் பிரதியை, எந்த நீளத்தில், எங்கே பார்த்தோம் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இணையத்தில் இல்லாத படத்தின் ஒளிநாடாவோ பாட்டுப் புத்தகமோ வீட்டுப் பரணில் இருந்தால், அதன் விவரத்தைப் பொதுவில் பதியுங்கள்.