வலிமையான பெண்ணை வில்லியாக்கும் கதை

1979இல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் ‘கிராப்ளர்ஸ்’ என்றொரு குழு அறிமுகமானது. எல்லோரும் மல்யுத்த வீராங்கனைகள். ஆண்களுக்குக் கிடைக்கும் காசு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் இருந்தவர்களை ஒரு எண்ணெய் நிறுவனம் நாசவேலைக்குக் கூலிக்குப் பிடித்தது. கதையில் அவர்கள் வில்லிகள். குறைத்துக் கூலி கொடுத்தவர்கள் அல்ல.

கற்பனைதானே என்று தள்ள வேண்டாம் தோழர்களே. பலமுள்ள பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலையை விளையாட்டு உலகம் நிஜத்திலேயே செய்திருக்கிறது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில், ‘நீ பெண்தானா’ என்று பார்க்க வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நிறுத்தினார்கள். பிறகு ஆய்வகச் சோதனை வந்தது. எல்லோருக்கும் கட்டாயம் என்ற முறை 1999இல் நின்றது. ஆனால் ‘சந்தேகம்’ வந்தால் சோதிக்கலாம் என்ற கதவு திறந்தே கிடந்தது.

அந்தக் கதவு வழியாகத்தான் நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைப் பிடித்தார்கள். செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டி 800 மீட்டரில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை; யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அந்த உடம்பு ஊர் உலகத்துக்கெல்லாம் தலைப்புச் செய்தியானது. அன்றைய முதல்வர் கலைஞர் அறிவித்த 15 லட்சம் ரூபாயைத் தமிழக அரசு கொடுத்தது. விளையாட்டு அமைப்புகள் அவருக்காக வாதாடவில்லை. 2012இல் அவர் 200 ரூபாய் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார்.

இதோடு இரண்டு பேரை ஒப்பிடுங்கள். 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே சோதனை வந்தபோது அவர் நாடே பின்னால் நின்றது. தங்கம் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு வழக்கறிஞர்களும் இந்திய விளையாட்டு ஆணையமும் துணை நின்றார்கள்; 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது.

சோதனை மூவருக்கும் வந்தது. மேல்முறையீடு என்ற சொல்லைக்கூட ஒருவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தனியாக விடப்பட்டவர் சூளைக் கூலியின் மகளாக, தலித்தாக இருந்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சாந்தி ஓய்ந்துவிடவில்லை. பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். வேலை கிடைத்தது நல்லது. ஆனால் வேலை பதக்கத்துக்கு ஈடாகாது. தோகா பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் இன்னும் வேறு பெயர்தான் இருக்கிறது. அதைக் கேட்கும் வேலை நம்முடையது.