மாறாமையின் பயன்: டெக் மென்பொருளின் வரலாறு

1970களில் ஒரு கணனியில் எழுதப்பட்ட ஆவணம் வேறொரு கணனியிற் சிதைவுறுதல் இயல்பாயிருந்தது. கணித நூல்களைக் கூட்டாக எழுதிய அறிஞர்க்கு இது பெருந்தடையாயிற்று. ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத், தமது நூலின் அச்சுப்படியிற் குறை கண்டு, 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கத் தொடங்கினார்.

டெக் ஆவணத்தின் மூலம் வெறும் எழுத்துகளாலாயது. ஆதலின் எப்பணிசெயல் முறைமையிலும் அதனைத் திறந்து திருத்தலாம். தசமக் கணிப்பு கணனிக்குக் கணனி வேறுபடுவதுண்டு. எனவே க்னூத் அச்சுப் புள்ளியொன்றை 65,536 கூறாக்கி, நீளங்களை முழுவெண்களால் அளந்தார். ஒருவர் எழுதிய பக்கம் மற்றவரிடத்தும் அதே வரிகளில் முறிந்தது.

பின்னர் லெஸ்லி லாம்போட் ஆக்கிய லாடெக், இம்முறையைப் பலர்க்கும் எளிதாக்கியது.

1990இல் க்னூத், பிழை திருத்தமன்றிப் புதுமை எதுவும் இனிச் சேராதென அறிவித்தார். மாற்ற விழைவோர் தம் ஆக்கத்துக்கு வேறு பெயரிடல் வேண்டுமென்றார். திருத்தந்தோறும் பதிப்பெண் பை என்னும் கணித மாறிலியை அணுகுகின்றது. இதனாற் புதுத்தேவைகளைப் பிறரே நிறைவேற்ற நேர்ந்தது. எனினும் பழைய ஆவணங்கள் அழியவில்லை. கூட்டுழைப்புக்கு வேண்டுவது ஒரே பொறியன்று. யாவரும் நம்பத்தக்க ஒரே விதியென்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.