ஹெர்னியா: படுத்தால் உள்ளே போகும் வீக்கம்... போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

அடிவயிற்றிலோ, தொடை இடுக்கிலோ, தொப்புளிலோ ஒரு சின்ன வீக்கம். நின்றால் தெரியும், இருமினால் பெரிதாகும், படுத்தால் காணாமல் போகும். வலியும் பெரிதாக இருக்காது. வெளியே சொல்லக் கூச்சப்படும் இடம் என்பதால், பலரும் இதை வருடக்கணக்கில் மறைத்தே வைத்திருப்பார்கள். "அது பாட்டுக்கு இருக்கு, தொந்தரவு ஒண்ணும் இல்லையே" என்பதுதான் வழக்கமான பதில்.

ஆனால், அதே வீக்கம் ஒருநாள் உள்ளே போகாமல் நின்று, வலிக்கவும் தொடங்கினால் கதையே வேறு. அதன்பிறகு கையில் இருப்பது சில மணி நேரம்தான். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும்? போகும் வழியில் எதையெல்லாம் செய்யக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெர்னியா அப்படின்னா என்ன?

நம் வயிற்றுக்குள் இருக்கும் குடலையும் கொழுப்பையும் வெளியே வராமல் தாங்கிப் பிடிப்பது வயிற்றுச் சுவரின் தசைகள். அந்தச் சுவரில் ஏதாவது ஓர் இடம் பலவீனமாகி, உள்ளே இருப்பது வெளியே பிதுங்கி வருவதுதான் ஹெர்னியா. தமிழில் குடலிறக்கம் என்கிறோம்.

தொடை இடுக்குக்குச் சற்று மேலே வருவது இங்குவைனல் ஹெர்னியா. வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. சிலருக்கு விதைப்பை வரைக்கும் இறங்கும். அதற்குக் கொஞ்சம் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் வருவது ஃபெமோரல் ஹெர்னியா. இவை தவிர தொப்புளில் வருவதும், சிசேரியன் போன்ற பழைய ஆபரேஷன் தழும்பில் வருவதும் உண்டு.

தொடர்ந்து பாரம் தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீருக்கு முக்குவது, புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும் காரணங்கள். பிறக்கும்போதே மூடாமல் விடுபட்ட வழியாலும் வரலாம்.

எப்போது ஆபத்தாக மாறுகிறது?

படுத்தால் உள்ளே போகிறது என்றால், வந்த வழி திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளே போகவில்லை என்றால், வெளியே வந்த குடல் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நடப்பதைப் புரிந்துகொள்ள, விரலில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றியதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரத்தம் திரும்பிப் போகும் வழி அடைபடும், விரல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். கடைசியில் ரத்தம் உள்ளே வருவதும் நின்றுவிடும். மாட்டிக்கொண்ட குடலுக்கும் இதேதான் நடக்கிறது. ரத்தம் கிடைக்காத குடல் அழுகத் தொடங்கும். அது ஓட்டை விழுந்து கிழிந்தால், உள்ளே இருக்கும் கழிவும் கிருமியும் வயிற்றுக்குள் பரவும். அந்தக் கட்டத்தில் உயிருக்கே ஆபத்து.

பொதுவாக 6 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டிய வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் "காலையில பார்த்துக்கலாம்" என்று இரவைக் கடத்தக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

1. வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் இப்போது போகவில்லை, கூடவே வலிக்கிறது.

2. வீக்கம் கல் போல இறுகிவிட்டது, தொட்டாலே வலி.

3. வீக்கத்தின் மேல் உள்ள தோல் சிவந்தோ, கருநீலமாகவோ மாறியிருக்கிறது.

4. வயிறு உப்புகிறது, விட்டுவிட்டு முறுக்கி வலிக்கிறது.

5. வாந்தி நிற்கவில்லை. பச்சையாக வந்தால் இன்னும் அவசரம்.

6. மலமும் வாயுவும் போகவில்லை.

7. ஹெர்னியா வலியோடு காய்ச்சல், படபடப்பு, வியர்த்துக்கொட்டுவது, தலைசுற்றல் இருக்கிறது.

எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே போகாத வீக்கத்தோடு வலி இருந்தாலே போதும், கிளம்பிவிட வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்கள் பலரை ஏமாற்றிவிடும். ஒன்று, "மலம் போகுதே, அப்புறம் என்ன?" என்ற நினைப்பு. சில நேரம் குடல் முழுதாக மாட்டாமல், அதன் சுவரில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளும். அப்போது வழி அடைபடாது, மலமும் போகும். ஆனால் மாட்டிய பகுதி அழுகிக்கொண்டிருக்கும். இரண்டாவது, வலி தானாகக் குறைவது. வீக்கம் அப்படியே இருக்க வலி மட்டும் குறைந்தால், சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடல் உணர்விழந்ததாலோ, கிழிந்ததாலோகூட அப்படி ஆகலாம்.

வழியில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

வலிக்கும் வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. படுத்ததும் வலியில்லாமல் தானாகப் போவது வேறு, வலிக்கும் வீக்கத்தை அமுக்குவது வேறு. அழுத்தினால் குடல் கிழியலாம். அழுகிய குடல் உள்ளே போய்விட்டால், வெளியே வீக்கம் மறைந்தும் ஆபத்து உள்ளேயே தொடரும்.

விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா எதுவும் வேண்டாம். அடைபட்ட குடலுக்கு இவை கூடுதல் அழுத்தம்தான் தரும். எண்ணெய் தேய்த்து உருவுவது, வெந்நீர் ஒத்தடம், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கேஸ் என்று நினைத்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டுப் படுப்பதும் தவறு.

சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். உடனே ஆபரேஷன் தேவைப்படலாம், அப்போது மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தினமும் போடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போல ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதும் முக்கியம். அறுவை சிகிச்சை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்கும் இடமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவை சரியான இடம். பக்கத்தில் இருக்கும் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், போவது நேரம்தான். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது "ஹெர்னியா உள்ளே போகலை, வலி இருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

ஹெர்னியா ஆண்களுக்கு வரும் பிரச்னை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஃபெமோரல் வகை பெண்களுக்குத்தான், அதிலும் வயதான பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அது வெளிவரும் வழி குறுகலானது என்பதால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஹெர்னியா தோன்றிய 3 மாதத்துக்குள் நெரிபடும் வாய்ப்பு ஃபெமோரல் வகையில் 22 சதவீதமாக இருந்தது. இங்குவைனல் வகையில் அது 3 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ஃபெமோரல் ஹெர்னியா என்று தெரிந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில்லை.

இந்த வீக்கம் நெல்லிக்காய் அளவில்கூட இருக்கலாம். நெறிகட்டு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வீட்டில் பாட்டிக்கோ அம்மாவுக்கோ வாந்தியும் வயிறு உப்புசமும் வந்தால், தொடை இடுக்கில் வீக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால், கவனித்துக்கொள்பவர் பார்ப்பதே நல்லது. அவராகச் சொல்ல மாட்டார்.

மறைத்ததால் உயிரிழந்த ஒரு ராணியின் கதை வரலாற்றிலேயே இருக்கிறது. பிரிட்டன் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலினுக்கு, 1724-ல் கடைசிக் குழந்தை பிறந்த பிறகு தொப்புளில் ஹெர்னியா வந்தது. பல ஆண்டுகள் அதை மறைத்தே வைத்திருந்தார். 1737 நவம்பரில் குடல் நெரிபட்டு, 54 வயதில் இறந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்தும் கிடையாது, பாதுகாப்பான ஆபரேஷனும் கிடையாது. இன்று இரண்டும் இருக்கின்றன. கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குழந்தைகளுக்கு வந்தால்?

குழந்தைகளின் தொப்புள் வீக்கத்துக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். 4, 5 வயதுக்குள் பெரும்பாலானோருக்குத் தானாக மூடிக்கொள்ளும். தொப்புளில் காசு வைத்துக் கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

ஆனால் தொடை இடுக்கில் வரும் வீக்கம் தானாகச் சரியாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் ஆண் குழந்தைகளுக்கும் இது அதிகம். தெரிந்தவுடன் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தை விடாமல் அழுது, பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, இடுப்புக்குக் கீழே வீக்கம் இறுகியிருந்தால் அது அவசரம். டயப்பரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் திடீரென விதையில் கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதுவும் 6 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டிய அவசரம்தான்.

அப்போ எல்லா ஹெர்னியாவும் பயப்பட வேண்டியதா?

இல்லை. வட அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தொந்தரவு அதிகம் இல்லாத இங்குவைனல் ஹெர்னியாவைக் கண்காணித்தபோது, 1,000 பேரை ஓராண்டு பார்த்தால் சுமார் 2 பேருக்குத்தான் திடீரென மாட்டிக்கொள்ளும் நிலை வந்தது. எனவே, உள்ளே போய் வருகிற, வலி இல்லாத வீக்கத்துக்கு நடுராத்திரியில் ஓட வேண்டியதில்லை. ஓரிரு வாரத்துக்குள் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்து, எந்த வகை என்று தெரிந்துகொண்டால் போதும்.

அதே ஆண்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பெரும்பாலும் வலி கூடியதுதான் காரணம். மாத்திரையாலோ பெல்ட்டாலோ ஓட்டை மூடாது. ஆபரேஷன்தான் தீர்வு. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்தால், பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைத்து, பலரையும் அன்றே அல்லது ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நெரிபட்ட பிறகு செய்தால் குடலையும் வெட்டி இணைக்க வேண்டி வரலாம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் கூடும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அதற்கான கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு இப்படி ஒரு வீக்கம் இருந்தால், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வலியில் துடிக்கும் நேரத்தில், டாக்டரிடம் சொல்ல அவருக்காவது விஷயம் தெரிந்திருக்கும்.