சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: தாலுகா மருத்துவமனையும் செவிலிய மாணவியரின் மருந்தறிவும்

இந்தியாவில் செவிலியத்துக்கான பட்டப் படிப்பு முதலில் தொடங்கிய இடங்களில் வேலூர் சி.எம்.சி. ஒன்று, ஆண்டு 1946. அங்கிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் போளூர் இருக்கிறது. ஆரணிப் பட்டு வட்டாரத்துத் தறிக்காரர்களும் விவசாயிகளும் சர்க்கரைக்கும் பிரசவத்துக்கும் முதலில் நாடுவது இத்தகைய தாலுகா ஊர்களின் மருத்துவமனைகளைத்தான். நமது பாடநூல்களோ பெரிய மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரவுப் பணியில் மருந்தாளுநர் பக்கத்தில் இல்லாத வார்டில், கையில் இருக்கும் குப்பியையும் சிரிஞ்சையும் வைத்துக் கணக்குப் போடத் தெரிவதே மருந்தறிவின் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். மேலை நாடுகளில் ஒரு மில்லியில் 100 யூனிட் கொண்ட இன்சுலினே பொது வழக்கு. பிரிட்டன் 1983இல் அதற்கு மாறியது. இந்தியாவில் இரண்டும் புழங்குகின்றன. குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் 100. சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் படித்துவிட்டு வார்டுக்கு வரும் மாணவிக்கு இந்த வேறுபாடே புதிதாக இருக்கலாம்.

கேஸ் ஷீட்டில் 20 யூனிட் என்றிருக்கிறது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, நோயாளிக்குப் போவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது; மறுநாள் மருத்துவர் அளவைக் கூட்டுவார், பிறகு யாரோ சரியான சிரிஞ்சில் போடுவார், அன்று தாழ்சர்க்கரை வரும். மாற்றிப் பார்த்தால் ஆபத்து உடனடியானது: 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட். வீட்டில் தானே ஊசி போட்டுக்கொள்பவரிடம் மருந்தைக் கொடுத்தனுப்பும்போதும் இதே கேள்வி எழும்: எந்தக் கடையில் எந்தச் சிரிஞ்சை வாங்குவார்?

இங்கேதான் ‘ஐந்து சரிகள்’ என்ற மனப்பாடம் தடுமாறுகிறது. சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்துக்கும் மேற்கண்ட மாணவி மனச்சாட்சியோடு டிக் போடலாம். ஷீட்டிலும் 20, சிரிஞ்சிலும் 20. தவறு நிகழும் இடத்தை அந்தப் பட்டியல் காட்டவே இல்லை. நிகழ்ந்த பிறகு யாரைத் திட்டுவது என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது.

மக்னீசியம் சல்பேட் இன்னொரு சோதனை. கர்ப்பகால வலிப்புக்கு உயிர் காக்கும் மருந்து அது. 2 மில்லி ஆம்பூலில் 50 சதவீதச் செறிவில் 1 கிராம் இருக்கும். நரம்பு வழியே 4 கிராமை 20 சதவீதமாக்கிக் கொடுக்க வேண்டுமென்றால் நான்கு ஆம்பூல், 8 மில்லி. அதோடு ஊசிக்கான 12 மில்லி தண்ணீர். தசையில் போடும் 10 கிராமுக்கோ நீர் சேர்ப்பதில்லை. பக்கத்துக்கு 5 கிராம். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்தின் வகைப்பாட்டைத் தேர்வில் பிழையின்றி எழுதுபவருக்கு அந்த 12 மில்லி தெரியாமல் போகலாம்.

பாடவேளை போதாது என்பார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டம் மருந்தியலை இரண்டு பருவங்களுக்கு விரித்து, பரிந்துரை எழுதும் அடிப்படைகளையும் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கூடுதல் மணிகளும் கரும்பலகையிலேயே கழிந்தால் பயன் குறைவு.

இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கணினி மருந்துப் பெட்டியில் செவிலியர் ரடோண்டா வாட் மருந்துப் பெயரின் முதல் இரண்டே எழுத்துகளைத் தட்டினார். மயக்க மருந்துக்குப் பதில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்யூரோனியம் வந்தது, நோயாளி இறந்தார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவரது கவனக்குறைவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தன் பிழையை உடனே ஒப்புக்கொண்டவருக்கு நேர்ந்த இந்த முடிவு, மற்றவர்களைப் பேச வைக்குமா, வாய்மூட வைக்குமா? உலக சுகாதார நிறுவனம் 2017இல், தவிர்க்கக்கூடிய கடும் மருந்துத் தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்க இலக்கு வைத்தபோது, அமைப்பின் குறைகளைத்தான் முன்னிறுத்தியது.

நம் வார்டுகளில் “சிஸ்டர், இது எத்தனை யூனிட் குப்பி?” என்று கேட்கும் மாணவிக்கு, “இதுகூடத் தெரியாதா?” என்பதே பல நேரம் பதில். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் தர வேண்டும். செய்முறைத் தேர்வு மேசையில் இரு வகை இன்சுலினையும் இரு வகை சிரிஞ்சையும் கலந்து வைக்கலாம்; ஒரு தேர்வில் பொருந்தும் சிரிஞ்சை வைக்காமல் வேண்டுமென்றே தவறானதை மட்டும் வைத்து, “இதில் போட மாட்டேன்” என்று மறுப்பவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். தேர்வாளர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.