பழுப்புச் சுண்டெலியின் முதுமை

முதியோரின் கண்ணொளி குன்றுவதை மூப்பின் இயல்பென்றே கருதிப் பழகிவிட்டோம். என் தந்தையாரும் அவ்வாறே எண்ணினார். பக்கவாட்டில் வருவோரைக் காணாது அவர் இடித்துக்கொள்ளத் தொடங்கிய பின்னரே, அது கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் என்றறிந்தோம். இழந்த பார்வை மீளாது என்றார் மருத்துவர். அந்நோய் குறித்துப் படிக்கப் புகுந்தபோது எதிர்ப்பட்டது ஒரு சுண்டெலியின் வரலாறு.

1909இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் இளைஞர், எலிகளின் உரோம நிறம் தலைமுறைதோறும் இறங்கும் முறையை ஆராய்ந்துவந்தார். உடன்பிறந்த எலிகளையே தொடர்ந்து இணைசேர்த்து, மரபணுவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்த வழியொன்றை உருவாக்கினார். வெளிறிய பழுப்பு நிறமுடைய அவ்வழிக்கு டிபிஏ என்று பெயர். இவ்வகையில் உருவான சுண்டெலி வழிகளுள் இதுவே மூத்தது. 1929இல் அவர் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். 1947 அக்டோபரில் காட்டுத்தீ அதனை விழுங்கியது. எலிகளுள் பெரும்பாலானவை மடிந்தன. முன்னர் பிற ஆய்வகங்களுக்கு அனுப்பியவற்றின் வழித்தோன்றல்களைத் திரும்பப் பெற்றே மீண்டும் இனம் பெருக்கினர்.

அவ்வாய்வகத்தின் சைமன் ஜானும் குழுவினரும் டிபிஏ/2ஜே என்னும் கிளைவழி எலிகளை மூப்பெய்தும்வரை வளர்த்துக் கண்டதை 1998இல் வெளியிட்டனர். கண்ணின் ஐரிஸ் திரையிலிருந்து நிறத்துகள் உதிர்ந்து, கண்ணீர்மம் வடியும் வழியை அடைக்கிறது. ஏறத்தாழ எட்டு, ஒன்பது மாதங்களில் அழுத்தம் உயர்கிறது. ஓராண்டளவில் பல எலிகளின் பார்வை நரம்பு கருகிவிடுகிறது. மனிதரிடம் பல்லாண்டுகள் மறைந்து நிகழ்வதைச் சில மாதங்களில் காண முடிந்தது.

காரணமான மரபணுக்கள் இரண்டென 2002இல் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று உரோமத்திற்குப் பழுப்பு நிறம் தருவது! லிட்டில் நிறத்திற்காகத் தேர்ந்த கூறே கண்ணின் கேட்டிற்கும் துணைநின்றது.

எலியின் கண் மனிதக் கண்ணாகிவிடாது. அதற்கு மாக்குலா எனும் நுண்பார்வைப் புள்ளி இல்லை. ஆகவே முதுமையில் அப்புள்ளி சிதையும் நோயை எலியிடம் முழுமையாகக் காண இயலாது. டிபிஏ எலிக்கு வருவதும் கிளாக்கோமாவின் ஒருவகையே.

எனினும் 2017இல் இவ்வெலிகளுக்கு வைட்டமின் பி3 கொடுத்தபோது, மிகுந்த அளவு பெற்றவற்றுள் நூற்றுக்கு 93 கண்களில் நரம்பு சிதையாது நின்றது. அதன் பின்னர் மனிதரிடமும் ஆய்வுகள் தொடங்கின. இதனை முடிந்த முடிபெனக் கொண்டு எவரும் தாமாக மாத்திரை உண்ணலாகாது.

என் தந்தையாருக்கு இவையெதுவும் பயன்படவில்லை. இந்நோய் குடும்பவழி வரக்கூடியது என்பதால், நாற்பதைக் கடந்த நான் ஆண்டுதோறும் கண் அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் இந்நோயுற்றோர் இருப்பின் நண்பர்களும் அவ்வாறே செய்தல் நலம். மருத்துவர் கருவியைக் கண்ணருகே கொணரும்போதெல்லாம் அந்தப் பழுப்பு எலிகள் நினைவில் வருகின்றன. நமக்காகவே மூப்படைந்தவை அவை.