கோபுரமா, தாழம்பூவா?

ஒலக்கூர் வீட்டு பீரோவில் அம்மாவின் கல்யாணப் பட்டு இருக்கிறது. காஞ்சிபுரம். பச்சை உடல், அரக்குக் கரை. இரண்டும் சேருமிடத்தில் வரிசையாக முக்கோணங்கள். கடையில் 'கோபுரக் கரை' என்பார்கள். கோயிலைப் பார்த்துத்தான் நெய்தார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். அம்மா சிரித்தார்: "இது தாழம்பூ ரேக்குடா."

விஷயம் தறியில் இருக்கு. கோர்வை நெசவில் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று நாடா. இரு நிற ஊடைகள் கோத்துக்கொள்ளும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால், படிப்படியாக முக்கோணம் எழும். (பிக்சலில் சாய்கோடு வரைந்தவர்களுக்குச் சட்டெனப் புரியும்.)

காஞ்சி கைலாசநாதர், நம்ம விழுப்புரம் பக்கத்துப் பனமலைக் கோயில், இரண்டும் 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியவை. இரண்டிலும் விமானம் தளம் தளமாகக் குறுகி ஏறுகிறது. கல் அடுக்கினாலும் ஊடை அடுக்கினாலும் அந்த வடிவம் வந்துவிடும். யாளி, அன்னம் எல்லாம் கோயில் தூணிலிருந்து சேலைக்கு வந்திருக்கலாம். முக்கோணம் தறியிலேயே பிறந்தது, பெயர்தான் பிறகு ஒட்டியது என்பது என் கணிப்பு.

இப்போது கோர்வையே இல்லாமலும் முக்கோணம் போட்டு 'கோபுரக் கரை' என்று விற்கிறார்கள். அம்மாவின் சேலையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை ஊடை முக்கோணத்தோடு நின்றுவிடுகிறது. கரைக்குள் ஓர் இழைகூடப் போகவில்லை.